அப்பாவுக்குப் பத்து நாளாகக் காய்ச்சல். ரத்த கல்ச்சரில் ‘கிருமி வளர்ச்சி இல்லை’ என்று வந்திருக்கிறது. அடுத்து என்ன செய்வது?

பாலமேட்டுக்காரன் எழுதியது:

வணக்கம். அப்பாவுக்கு அறுபது வயதை நெருங்குகிறது. சிறுமலை அடிவாரத்தில் கொஞ்சம் நிலமும் வீட்டில் ஒரு ஜல்லிக்கட்டுக் காளையும் இருக்கின்றன. காளைக்குப் புல் அறுக்கும் வேலையை அப்பா யாரிடமும் விடமாட்டார். கார்த்திகை மழைக்குப் பிறகு சாத்தையாறு அணைப் பக்கம் புல் இடுப்பளவு நிற்கிறது. விடிந்ததும் அரிவாளை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

பத்து நாட்களுக்கு முன்பு குளிரும் காய்ச்சலும் தொடங்கின. தலைவலி தாங்க முடியவில்லை என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து நான் கேட்டதே இல்லை. மூன்றாம் நாள் பக்கத்து ஊர் ஆய்வகத்தில் ரத்தம் கொடுத்தோம். விடால் சோதனையில் ‘ஓ’ 1:80, ‘எச்’ 1:80 என்று வந்தது. டைஃபாய்டு என்று சொல்லி ஊசியும் மாத்திரையும் கொடுத்தார்கள். ஐந்து நாள் முடிந்தும் மாலையானால் காய்ச்சல் 103-ஐத் தொட்டது.

பிறகு மதுரையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். தட்டணுக்கள் 90 ஆயிரம். டெங்கு இல்லை என்றார்கள். மலேரியாவுக்கு அட்டைச் சோதனை, அதுவும் இல்லை. கல்லீரல் அளவுகள் சற்றுக் கூடியிருக்கின்றன. ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் ரத்த கல்ச்சர் எடுத்தார்கள். 48 மணி நேரத்தில் கிருமி வளர்ச்சி இல்லை என்று இன்று தாள் வந்திருக்கிறது.

முதலில் டைஃபாய்டு என்ற ஆய்வகம் தவறா, இப்போது கிருமி இல்லை என்ற ஆய்வகம் தவறா? கிருமி இல்லையென்றால் காய்ச்சல் ஏன் விடவில்லை? அம்மா சோறு தண்ணீர் இல்லாமல் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சோழவந்தான் வாசகர் எழுதியது:

டைஃபாய்டு அவ்வளவு சீக்கிரம் விடாது, தம்பி. என் மைத்துனருக்கும் இப்படித்தான் இழுத்தது. மருந்தை மாற்றாமல் பதினான்கு நாள் முடியுங்கள். இளநீரும் கஞ்சியும் கொடுங்கள்.

நுண்ணோக்கி மதுரை எழுதியது:

தம்பி, நான் மதுரையில் ஒரு மருத்துவமனையின் நுண்ணுயிரியல் பிரிவில் பணிக்காலம் முழுவதும் தொழில்நுட்பராக இருந்து ஓய்வு பெற்றவள். மருத்துவர் அல்ல. மருந்தைப் பற்றிச் சொல்லமாட்டேன். மாதிரியைப் பற்றிச் சொல்கிறேன். சோழவந்தான் நண்பர் நல்ல மனதோடுதான் சொல்லியிருக்கிறார். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் பதினான்கு நாள் காத்திருக்கும் நேரம் இது இல்லை.

முதலில் ஒன்றைச் செய்யுங்கள். அப்பாவின் உடம்பை நல்ல வெளிச்சத்தில் தலையிலிருந்து கால்வரை பாருங்கள். அக்குள், கழுத்து மடிப்பு, காதுக்குப் பின்புறம், தொடை இடுக்கு, விதைப்பை, முழங்காலின் பின்பக்கம். அரைஞாண் கயிறு கட்டியிருந்தால் அதை நகர்த்திவிட்டுப் பாருங்கள். பீடி நெருப்பு சுட்டதுபோல் கறுத்த பொருக்கும் அதைச் சுற்றிச் சிவந்த வளையமும் எங்காவது இருக்கிறதா? அது வலிக்காது, அரிக்காது. அதனால் நோயாளி தானாகச் சொல்லமாட்டார். கிராமத்து ஆண்கள் வேட்டியை அவிழ்த்துக் காட்டவும் கூச்சப்படுவார்கள். அம்மாவிடம் சொல்லிப் பார்க்கச் செய்யுங்கள். எல்லோருக்கும் அந்தப் பொருக்கு வருவதில்லை, ஆகவே கிடைக்கவில்லை என்றாலும் விட்டுவிட வேண்டாம். புல்லுக்குப் போகிறவர் என்பதை மருத்துவரிடம் இன்றே சொல்லுங்கள். இதுவரை யாராவது அவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டார்களா?

நான் சந்தேகப்படுவது உண்ணிக் காய்ச்சல், அதாவது ஸ்க்ரப் டைஃபஸ். மழை ஓய்ந்து குளிர் தொடங்கும் மாதங்களில் நம் பக்கத்தில் வழக்கமாக வருவது. புல் புதரில் இருக்கும் ஒருவகைச் சிற்றுண்ணியின் இளம்பருவம் கடிப்பதால் வருகிறது. தலைவலி, குறைந்த தட்டணு, கூடிய கல்லீரல் அளவு எல்லாம் அதோடு பொருந்துகின்றன. எலிக் காய்ச்சலிலும் இவை வரலாம். முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் மருத்துவர்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். உண்ணிக் காய்ச்சலை உண்டாக்கும் ஓரியன்ஷியா என்ற பாக்டீரியா உயிருள்ள செல்லுக்குள் இருந்தால்தான் பெருகும். ரத்த கல்ச்சர் குப்பியில் இருப்பது சத்துக் குழம்பு. அதில் ஐந்து நாள் அல்ல, ஐந்து மாதம் வைத்தாலும் அது வளராது. எலிக் காய்ச்சல் கிருமிக்கும் தனிக் குழம்பு வேண்டும், அதிலும் வாரக்கணக்கில் ஆகும். ‘வளர்ச்சி இல்லை’ என்று தாளில் அச்சடித்திருந்தால், இந்தக் குப்பியில், இந்த ரத்தத்திலிருந்து, இதுவரை எதுவும் வளரவில்லை என்பது மட்டுமே பொருள். ரத்தத்தில் கிருமி இல்லை என்று எந்த ஆய்வகமும் எழுதித் தரவில்லை. படிப்பவர்கள் அப்படி எடுத்துக்கொள்கிறார்கள்.

டைஃபாய்டாகவே இருந்தாலும் உங்கள் கல்ச்சர் ஏமாற்றியிருக்கலாம். பெரியவர்களின் டைஃபாய்டில் ஒரு மில்லி ரத்தத்தில் உயிருள்ள கிருமி ஏறக்குறைய ஒன்றுதான் இருக்கும்; சிலருக்கு அதுவும் இல்லை. அதனால்தான் ஒரு குப்பிக்கு எட்டுப் பத்து மில்லி எடுக்கச் சொல்கிறோம். நோயாளி முகத்தைச் சுளித்ததும் மூன்று மில்லியோடு ஊசியை உருவிவிட்டால், தேட வேண்டியதில் பெரும்பகுதியை நரம்பிலேயே விட்டுவிட்டோம் என்று அர்த்தம். உங்கள் அப்பாவுக்கு அதற்குமுன்பே ஐந்து நாள் ஆன்டிபயாடிக் போயிருக்கிறது. அந்தக் குப்பிகளில் மருந்தை உறிஞ்சும் பிசின் துகள்கள் கொண்டவையும் உண்டு. ஆனால் ரத்தத்திலேயே செத்துவிட்ட கிருமியை எந்தப் பிசினாலும் எழுப்ப முடியாது. கல்ச்சருக்கான ரத்தம் முதல் மாத்திரைக்கு முன்னால் எடுக்கப்பட வேண்டும். என் பணியில் நான் அதிகம் மன்றாடியது இதற்காகத்தான்.

இன்னொன்று, 48 மணி நேரத் தாள் இடைக்காலத் தாள். குப்பியை 35 முதல் 37 டிகிரியில் ஐந்து நாள் வைத்திருப்பார்கள். கிருமி பெருகினால் அது விடும் கரியமில வாயுவை இயந்திரம் உணர்ந்து மணி அடிக்கும். எங்கள் பிரிவில் இருந்த குப்பிகளின் அடியில் ஒரு வட்டம் உண்டு, கிருமி வளர்ந்தால் அதன் பச்சை நிறம் மஞ்சளாக மாறிவிடும். இறுதித் தாளைக் கட்டாயம் வாங்குங்கள்.

விடால் சோதனை 1896-இலிருந்து இருக்கிறது. அது கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளைத் தேடுகிறது. அந்த எதிர்ப்பொருள் பொதுவாக முதல் வாரம் கழிந்துதான் ஏறும். 1:80 என்றால் ரத்தநீரை எண்பது மடங்கு நீர்த்தபோதும் அது தெரிந்தது என்று பொருள். மூன்றாம் நாளில் அப்படி வந்ததென்றால் பழைய தொற்றின் மிச்சமாக இருக்கலாம், வேறொரு காய்ச்சல் கிளப்பியதாக இருக்கலாம். டைஃபாய்டு புழங்கும் நம் ஊரில் நலமாக இருப்பவர்களுக்கே இந்த அளவு வருவதுண்டு. ஒரு வாரம் பத்து நாள் இடைவெளியில் இரண்டாவது மாதிரி எடுத்து, அளவு நான்கு மடங்கு ஏறியிருந்தால் அதற்கு மதிப்பு உண்டு. ஒற்றைச் சோதனையை வைத்துக்கொண்டு ஒரு மனிதரை ஐந்து நாள் தவறான பாதையில் நடத்துவது எனக்கு ஆறவே ஆறாது.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை: ஸ்க்ரப் டைஃபஸுக்கு ஐஜிஎம் எலிசா, அதாவது அந்தக் கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருளைத் தேடும் சோதனை. பத்தாம் நாள் என்பதால் எதிர்ப்பொருள் இப்போது தெரியும் காலம்தான். வெய்ல் ஃபெலிக்ஸ் என்ற பழைய சோதனையை மட்டும் செய்து இல்லை என்று சொன்னால் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம், அது பலரைத் தவறவிடும் சோதனை. கூடவே எலிக் காய்ச்சலுக்கான ஐஜிஎம். மலேரியாவுக்கு அட்டை போதாது. கண்ணாடித் துண்டில் ரத்தத்தைத் தடித்த பூச்சாகவும் மெல்லிய பூச்சாகவும் எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். தடித்த பூச்சில் அதிக ரத்தத்தைத் தேட முடியும், மெல்லிய பூச்சில் எந்த வகை என்று தெரியும். இதையெல்லாம் நாளை பார்க்கலாம் என்று வைக்காதீர்கள். ஸ்க்ரப் டைஃபஸ் முற்றினால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் மூளையையும் பிடிக்கும். சந்தேகம் வலுவாக இருந்தால் முடிவுக்குக் காத்திராமல் மருந்து தொடங்கும் மருத்துவர்கள் உண்டு.

திருநகர் தாய் எழுதியது:

அம்மா, இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் நான்கு வயது மகளுக்குச் சிறுநீர் கல்ச்சரில் ‘பலவகைக் கிருமிகள் கலந்து வளர்ந்துள்ளன, மறு மாதிரி தரவும்’ என்று வந்தது. காலையில் எடுத்து, ஆபீஸ் போகும் வழியில் பதினொரு மணிக்கு ஆய்வகத்தில் கொடுத்தேன். மறுபடியும் பணம் கட்டச் சொல்கிறார்கள். அவர்கள் தவறுக்கு நான் ஏன் கட்ட வேண்டும்?

நுண்ணோக்கி மதுரை எழுதியது:

அந்தத் தாளை எழுதியவர் நேர்மையானவர், மகளே. ஏதோ ஒரு கிருமியைப் பொறுக்கி எடுத்து ஆன்டிபயாடிக் பட்டியலோடு அனுப்பியிருந்தால் நீங்கள் திருப்தியாகப் போயிருப்பீர்கள், குழந்தை தேவையில்லாத மருந்து சாப்பிட்டிருக்கும்.

நடப்பது இதுதான். ஒரு மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் பிடிக்கும் கம்பி வளையத்தால் சிறுநீரைத் தொட்டு, கிருமி வளர்க்கும் அகார் கூழ் உறைந்த தட்டில் இழுக்கிறோம். மறுநாள் நூறு புள்ளிகள் வளர்ந்திருந்தால் ஒரு மில்லியில் ஒரு லட்சம் கிருமி என்று கணக்கு. ஒரே வகைக் கிருமி அந்த அளவில் வந்தால் தொற்று என்று எடுத்துக்கொள்வோம். எஸ்செரிச்சியா கோலை என்ற குடல் கிருமி இளஞ்சூட்டில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகக் கூடியது. கைப்பைக்குள் சில மணி நேரம் கிடந்த குப்பியில், தோலிலிருந்து விழுந்த நாலைந்து கிருமியும் படையாகிவிடும். பிறகு எது சிறுநீர்ப்பையிலிருந்து வந்தது, எது தோலிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

குழந்தையைச் சுத்தமான தண்ணீரால் முன்னிருந்து பின்னாகக் கழுவுங்கள். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதை ஆய்வகம் தரும் மூடிய குப்பியில் பிடியுங்கள். வீட்டு ஜாம் பாட்டில் எவ்வளவு கழுவினாலும் வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்குள் கொடுங்கள். முடியாவிட்டால் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள், ஒரு நாள் வரை தாங்கும். உறைபெட்டியில் வைக்கக் கூடாது.

இதைப் படித்துவிட்டு எல்லா மாதிரியையும் குளிர்பெட்டியில் வைத்துவிடப் போகிறீர்கள் என்று பயமாக இருக்கிறது, அதனால் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ரத்த கல்ச்சர் குப்பி வெளியில்தான் இருக்க வேண்டும். முதுகுத் தண்டிலிருந்து எடுக்கும் நீரைக் குளிரில் வைத்தால் மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் சில கிருமிகள் செத்துவிடும். சீதமும் ரத்தமுமாகப் போகிற மலத்தில் அமீபா தேட வேண்டுமென்றால் சூடு ஆறுவதற்குள், அரை மணிக்குள் கொடுக்க வேண்டும். அதில் சிறுநீர் கலக்கக் கூடாது. உயிரோடு இருக்கும் அமீபா நுண்ணோக்கியின் கீழ் ஒரு பக்கமாகக் கால் நீட்டி நகரும். அதன் வயிற்றுக்குள் நம் சிவப்பணுக்கள் தெரியும். அந்தக் காட்சி ஒன்று போதும், நோயை உண்டாக்கும் அமீபா என்று சொல்லிவிடலாம். ஆறிப்போன மலத்தில் அது உருண்டு நின்றுவிடும். பழகாத கண் சீழ் செல் என்று கடந்து போய்விடும்.

தட்டில் ஊற்றும் அகார் எங்கிருந்து வருகிறது என்று பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் கேட்பேன். பலருக்குத் தெரியாது. பாம்பன், மண்டபம் பக்கத்துப் பெண்கள் கடலில் மூழ்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலும் கஞ்சிப் பாசியிலும் இருப்பதுதான் அகார். 1881-இல் ஜெர்மனியில் ஃபேனி ஹெஸ்ஸே என்ற பெண் தன் சமையலில் புழங்கியதை வைத்துக் கொடுத்த யோசனை அது. அதற்குமுன் பயன்படுத்திய ஜெலட்டின் 37 டிகிரியில் உருகி ஓடிவிடும். நம் உடலின் சூட்டில் கிருமியை வளர்த்துப் பார்க்க வழி திறந்தது அதனால்தான்.

சிற்றூர் ஆய்வகர் எழுதியது:

நான் உசிலம்பட்டிப் பக்கம் சிறிய ஆய்வகம் நடத்துகிறேன். அம்மா சொல்வதெல்லாம் சரி. ஆனால் எங்கள் நிலையையும் கேளுங்கள். இரவு எட்டு மணிக்குக் கூலிவேலை முடிந்து வருகிறார்கள். கையில் இருநூறு ரூபாய். மருத்துவர் சீட்டில் விடால் என்று எழுதியிருக்கிறார். கல்ச்சருக்கு நாட்கள் ஆகும், இயந்திரம் மதுரையில்தான் இருக்கிறது. நான் என்ன செய்ய முடியும்? எங்களைப் போன்றவர்கள் இல்லையென்றால் இவர்களுக்கு அந்தச் சோதனையும் கிடைக்காது.

நுண்ணோக்கி மதுரை எழுதியது:

உங்கள் நிலை எனக்குத் தெரியும். உங்களிடம் பயிற்சி பெற்ற கண்ணும் எண்ணெய் வில்லை உள்ள நுண்ணோக்கியும் இருக்கின்றன அல்லவா? அவை விடால் பெட்டியைவிடப் பெரியவை. மலேரியாப் பூச்சுக்கு எவ்வளவு செலவு? இரண்டு கண்ணாடித் துண்டும் கொஞ்சம் சாயமும்தான். சளியில் காசநோய்க் கிருமியை ஸீல் நீல்சன் சாயத்தில் பாருங்கள். நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகள். ஒரு மில்லி சளியில் ஐயாயிரம், பத்தாயிரம் கிருமி இருந்தால்தான் அதில் கண்ணுக்குப் படும். ஆகவே தெரியவில்லை என்றால் இல்லை என்று எழுதாமல், அரசு மையத்தில் ஜீன்எக்ஸ்பெர்ட் அல்லது ட்ரூநாட் சோதனைக்கு அனுப்புங்கள்; இலவசம், சில மணி நேரத்தில் முடிவு, ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்து கேட்குமா என்பதும் தெரிந்துவிடும். எச்சிலை வாங்கிப் பார்த்துவிட்டு நெகட்டிவ் எழுதாதீர்கள். நெஞ்சிலிருந்து இருமி எடுத்ததாக இருக்க வேண்டும்.

எளிய சாயம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் ஊர் பெயரையே தாங்கிய நோய் ஒன்று இருக்கிறது. வெறுங்காலோடு வயலில் நடப்பவர்களுக்கு முள் குத்திய இடத்தில் வருடக்கணக்கில் வீங்கி, துளை துளையாகி, சீழோடு மணி மணியாகத் துகள் வெளிவரும் மதுரைக்கால். 1842-இல் மதுரையில் இருந்த ஜான் கில் என்ற மருத்துவர் அதை எழுதி வைத்தார். சிலருக்கு அதை உண்டாக்குவது பாக்டீரியா, சிலருக்குப் பூஞ்சை. வெளியிலிருந்து பார்த்தால் கால் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒன்றுக்கு ஆன்டிபயாடிக், மற்றதற்குப் பூஞ்சை மருந்தோடு அறுவை சிகிச்சையும் தேவைப்படலாம்.

நான் செய்தது இதுதான். கட்டுத் துணியை வீசச் சொல்லமாட்டேன், அதில்தான் துகள் ஒட்டியிருக்கும். ஊசி முனையால் ஒரு துகளை எடுத்து, உப்பு நீரில் அலசி, இரண்டு கண்ணாடிக்கு நடுவில் நசுக்குவேன். துகள் கறுப்பாக இருந்தால் பெரும்பாலும் பூஞ்சை. நசுக்கும்போதே கறுக்கென்று கையில் தெரியும். வெள்ளையாகவோ மஞ்சளாகவோ இருந்தால் நிறத்தை நம்ப முடியாது, கிராம் சாயம் போட்டாக வேண்டும். நூலிழை ஒரு மைக்ரான் தடிமனுக்குள் நீல ஊதாவாகக் கிளைத்திருந்தால் பாக்டீரியா. அதைப்போல் பலமடங்கு தடித்துக் கண்ணறைகளோடு இருந்தால் பூஞ்சை. வளர்த்து உறுதிசெய்ய வாரங்கள் ஆகும். மருந்தின் திசையை அன்று மாலையே சொல்லிவிடலாம். இதில் எந்த இயந்திரமும் இல்லை. உங்கள் ஆய்வகத்திலும் முடியும், தம்பி.

விடால் சீட்டோடு வருகிறவரிடம் ஒரு வரி சொல்லுங்கள்: ‘மாத்திரை தொடங்குவதற்கு முன் கல்ச்சருக்கு ரத்தம் எடுத்துக்கொள்ளலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள்.’ குப்பி உங்களிடம் இருந்தால் ரத்தத்தை அதில் எடுத்து, வெளியில் வைத்து, மறுநாள் முதல் பஸ்ஸில் மதுரைக்கு அனுப்பலாம்.

பாலமேட்டுக்காரன் எழுதியது:

அம்மா, இருந்தது. அரைஞாண் கயிற்றுக்குக் கீழே இடப்பக்கம், மிளகளவு கறுத்த பொருக்கு. கயிறு உரசிய புண் என்று அப்பா மஞ்சள் வைத்திருக்கிறார், எங்களிடம் சொல்லவில்லை. மருத்துவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் உடனே டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தொடங்கிவிட்டார்; பொருக்கிலிருந்து சிறு துண்டு, கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனைக்கும் ரத்தம் எலிசாவுக்கும் போயிருக்கின்றன. எலிசா பாசிட்டிவ் என்று இன்று வந்தது. நேற்று இரவு முதல் காய்ச்சல் இல்லை. அப்பா காளை தண்ணீர் குடித்ததா என்று கேட்டார். அம்மா இன்றுதான் சாப்பிட்டார்.

உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இன்னும் இரண்டு கேள்விகள். இது காளையிடமிருந்து வந்ததா? அம்மாவுக்கும் தம்பிக்கும் தொற்றுமா? தம்பிதான் இப்போது புல்லுக்குப் போகிறான்.

நுண்ணோக்கி மதுரை எழுதியது:

நிம்மதியாக இருக்கிறது, தம்பி. மருந்து எத்தனை நாள் என்பதை மருத்துவர் சொன்னபடி முடியுங்கள். காய்ச்சல் விட்டது என்று பாதியில் நிறுத்த வேண்டாம். தட்டணு ஏறியிருக்கிறதா, கல்லீரல் அளவு இறங்கியிருக்கிறதா என்று மறுபடி ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள்.

காளை காரணமில்லை. அந்தச் சிற்றுண்ணிகளும் எலிகளும் புதரில் சேர்ந்து வாழ்பவை, மனிதர் குறுக்கே போய் மாட்டிக்கொள்கிறார். மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவாது, அம்மா பக்கத்தில் உட்காரலாம். தம்பிக்குத்தான் கவனம் வேண்டும், அதே புல்லுக்குப் போகிறான். முழுக்கை சட்டையும் முழுக்கால் சட்டையும் போட்டு, கால்சட்டை ஓரத்தை இறுக்கிக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். புல்லின்மேல் சட்டையைக் கழற்றிப் போடவும் உட்காரவும் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் துணியைச் சூடான நீரில் ஊறப்போட்டுவிட்டு சோப்புப் போட்டுக் குளிக்கட்டும். அடுத்த மூன்று வாரத்துக்குள் அவனுக்குக் காய்ச்சல் வந்தால், எந்த மருத்துவரிடம் போனாலும் முதல் பேச்சிலேயே அப்பாவின் எலிசா தாளை எடுத்துக் காட்டுங்கள்.

கல்ச்சரின் ஐந்தாம் நாள் தாளையும் வாங்கி அதே கோப்பில் வையுங்கள். பிசிஆர் முடிவு வந்ததும் இங்கே எழுதுங்கள். உசிலம்பட்டித் தம்பி பார்க்கட்டும்.